தடிமன் எங்கே? திசு ஒளியியல் கேள்வி-பதில்

காலையில் நெல்பேட்டையில் வாங்கிய ஆட்டு ஈரல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று சாயந்திரம் அளந்தோம். 542, 577 நானோமீட்டரில் இரட்டை முகடு வரவில்லை. கருவிக் கோளாறா? (மாணவி, திருமங்கலம்)

கருவி பாவம். இரட்டை முகடு ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கு (இரத்தத்தின் சிவப்பு நிறமிக்கு) உரியது. நேரம் ஆக ஆக ஆக்ஸிஜன் தீர்ந்து, 555 பக்கம் ஒற்றை முகடுதான் மிஞ்சும். வாங்கிய நேரம், அளந்த நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள். ஐஸ் பெட்டியில் கொண்டுவரலாம். உறைய வைத்தால் செல் உடைந்து ஒளி சிதறும் விதமே மாறிவிடும்.

சிக்கன் துண்டைச் சலைனில் ஊறப்போடலாமா? (உசிலம்பட்டி)

கூடாது. இரத்தம் கழுவிப் போகும், திசு ஊதும். சலைனில் நனைத்த துணியால் மூடுங்கள், போதும்.

இன்டெக்ரேட்டிங் ஸ்பியரில் (சிதறிய ஒளியைச் சேர்த்து அளக்கும், உள்ளே வெள்ளை பூசிய கோளம்) அளந்தால் உட்கவர் எண் (திசு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்ற அளவு) புத்தகத்தில் உள்ளதைப் போல் இரண்டு மடங்கு வருகிறது. ஏன்? (விரிவுரையாளர், மேலூர்)

மூன்று பக்கக் கடிதம், தடிமன் எங்கே? ஒளிக்கற்றையின் அகலம், கோளத்துத் துளையின் அகலம்? எதுவும் இல்லை. மாணவர் எழுதினால் பொறுத்துக்கொள்வேன்.

சரி, ஊகித்துச் சொல்கிறேன். கற்றை அகலமாகவும் துளை சிறியதாகவும் இருந்தால் திசுவுக்குள் பக்கவாட்டில் பரவிய ஒளி கோளத்துக்குள் வராமலே தப்பிவிடும். கணக்கு அதையும் திசு விழுங்கியதாகவே எடுத்துக்கொள்ளும். உட்கவர்தல் குறைவான சிவப்புப் பகுதியில் இந்தப் பிழை பெரிது. கற்றையைக் குறுக்குங்கள், துளையைப் பெரிதாக்குங்கள்.

இனி தடிமன். வெட்டும்போது வெர்னியரில் 1 மி.மீ. என்று எழுதிவிட்டு, இரண்டு ஸ்லைடுக்கு நடுவே கிளிப் போட்டு நெரிக்கிறார்கள். உள்ளே இருப்பது இப்போது 0.8. இரத்தமும் நீரும் ஓரத்தில் வழிந்து நிற்கிறது. அதைப் பஞ்சால் துடைத்துவிட்டு அளக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்! கணக்கில் 1 என்றே போட்டால் எண் சுமார் 20 சதவீதம் குறையும். பக்கக் கசிவு கூட்ட, இது குறைக்க, இரண்டு தப்பும் சேர்ந்து புத்தக எண்ணையே காட்டிவிடலாம். அதுதான் எனக்குப் பயம். கிளிப் போட்ட பிறகு மூன்று, நான்கு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, ஸ்லைடுகளின் தடிமனைக் கழியுங்கள்.

தசைக்கு g (ஒளி எந்த அளவுக்கு முன்னோக்கியே சிதறுகிறது என்ற எண்) 0.9 என்கிறார்கள், எனக்கு 0.7 வருகிறது. (திண்டுக்கல்)

சிதறாமல் நேரே வரும் ஒளியை அளக்கும் டிடெக்டருக்குள் முன்னோக்கிச் சிதறிய ஒளியும் விழுகிறது. கணக்கு அதையும் சிதறாததாகவே எடுத்துக்கொள்வதால் g குறைகிறது. டிடெக்டரைத் தள்ளி வைத்து, முன்னால் ஊசித்துளை போடுங்கள். மாதிரியையும் மெலிதாக வெட்டுங்கள். எவ்வளவு மெலிது என்பதை அளந்து எழுதுங்கள்.

கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா? (திருப்பரங்குன்றம்)

லேம்ப் சூடேற அரை மணி நேரம் கொடுத்து, வெள்ளை ரெஃபரன்ஸை (ஒப்பிட வைக்கும் வெள்ளைத் தகட்டின் அளவை) மறுபடி எடுங்கள். அதற்குள், மதுரை மே மாதத்தில், பழைய துண்டு காய்ந்து பாதி கண்ணாடி போல் ஆகியிருக்கும். புதிதாக வெட்டுங்கள், ஃபேனையும் நிறுத்திவிடுங்கள்.