குழிவாடியில் விம்பத்தின் இடமும் அளவும் காண்பது எப்படி?

சூத்திரம் மனப்பாடம், ஆனால் விம்பம் எங்கே விழும் என்று புரியவில்லை என்கிறீர்கள். முதலில் குழிவாடியை, அதாவது உட்புறம் குழிந்த கண்ணாடியைக் கையில் எடுங்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருண்ட அறையொன்றில், சன்னலை நோக்கிக் குழிவாடியைப் பிடியுங்கள். ஒளியை மறைக்காதபடி ஒடுக்கமான வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், தொலைவிலுள்ள கல்லடிப் பாலம் தலைகீழாக, சின்னஞ்சிறிதாகத் தாளில் தெளியும். ஆடிக்கும் தாளுக்கும் இடைப்பட்டதே குவியத்தூரம். அது 20 செ.மீ. என்று கொள்வோம்.

1/பொருள்தூரம் + 1/விம்பத்தூரம் = 1/குவியத்தூரம்.

4 செ.மீ. உயரமான மெழுகுதிரியை 30 செ.மீ. தூரத்தில் வைத்தால், 1/20 − 1/30 = 1/60. விம்பம் ஆடிக்கு முன்னால் 60 செ.மீ.இல். 60ஐ 30ஆல் வகுக்க உருப்பெருக்கம் 2. ஆகவே 8 செ.மீ. உயரமான, தலைகீழான மெய்விம்பம், அதாவது தாளில் விழும் விம்பம்.

மெழுகுதிரியை 10 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள்: 1/20 − 1/10 = −1/20. மறைக்குறியைக் கண்டதும் கணக்குப் பிழைத்தது என்று பல பிள்ளைகள் அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்! விம்பம் ஆடிக்குப் பின்னால் 20 செ.மீ.இல் நிமிர்ந்து நிற்கிறது என்று அந்தக் குறிதான் சொல்கிறது. உயரம் அதே 8 செ.மீ.; ஆனால் மாயவிம்பம், தாளில் விழாது. சவரக் கண்ணாடி முகத்தைப் பெரிதாகக் காட்டுவதும் இப்படித்தான்.