ஸ்லேட் கல் தரைக்கு ஏற்ற சுவர் நிறம்

கேள்வி: கூடத்துத் தரையில் ஸ்லேட் கல் பதித்திருக்கிறோம். எட்ட நின்று பார்த்தால் கருஞ்சாம்பல். குனிந்து பார்த்தால் துருச் சிவப்பும் லேசான பச்சையும் தெரிகின்றன. தரைக்குப் பொருந்தட்டும் என்று ஷேடு கார்டில் ஒரு சாம்பல் நிறத்தைத் தேர்ந்து ஒரு சுவருக்கு அடித்தோம். கூடமே மங்கிப்போய், சுவரில் ஊதா கலந்ததுபோல் தெரிகிறது. மற்றச் சுவர்களுக்கு எந்த நிறத்தை வாங்கலாம்?

பதில்: கல்லின் முதன்மை நிறத்தையே சுவருக்கும் கொண்டுவந்ததுதான் சிக்கல். ஸ்லேட்டின் கருமை அதிலுள்ள கரிமப் பொருளாலும், துருச் சிவப்பு இரும்பு ஆக்சைடாலும், பச்சை பெரும்பாலும் குளோரைட் என்ற கனிமத்தாலும் வருவன. இத்தனை நிறங்கள் ஒரே கல்லில் இருக்கும்போது, கடையில் சாதாரணச் சாம்பலாகத் தெரிந்த பெயிண்டில் மறைந்திருக்கும் நீலமோ ஊதாவோ அந்தத் துருவுக்கும் பச்சைக்கும் அருகில் வந்ததும் எடுப்பாக வெளிப்பட்டுவிடும். ஆகவே கல்லில் குறைவாக இருக்கும் நிறத்தை எடுத்து, அதை வெகுவாக வெளிறச் செய்து சுவருக்குப் பூசுவதே நல்லது. உங்கள் கல்லுக்கு மணல் நிறமோ, துளி பழுப்பு கலந்த வெள்ளையோ ஒத்துப்போகும். ஒரு சுவரை மட்டும் வேறாகக் காட்ட விரும்பினால் சாம்பல் படிந்த இளம்பச்சை அழகாக இருக்கும். தூய வெள்ளையை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதன் அருகே தரை கருந்திட்டாகத் தெரியும்.

தரை ஒளியை விழுங்குவதால் சுவர்தான் அதைத் திருப்பித் தர வேண்டும். பல நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளி எதிரொளிப்பு மதிப்பைக் குறிப்பிடுகின்றன. கருமைக்கு 0, வெள்ளைக்கு 100 என்பது அந்த அளவுகோல். உங்கள் கூடத்துக்கு 60-க்குக் குறையாததைத் தேடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: கல்லுக்கு சீலர் (கறையும் ஈரமும் இறங்காமல் காக்கும் பூச்சு) பூசியாகிவிட்டதா? நிறத்தைத் தூக்கிக் காட்டும் வகை சீலர், கல்லை நனைந்ததுபோல் கருமையாக்கிவிடும். அந்த வகையை இனிமேல்தான் பூசப்போகிறீர்கள் என்றால், ஒரு கல்லை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நிறத்துக்குத்தான் சுவரைப் பொருத்த வேண்டும்.

அதன்பின் சிறிய டப்பாக்களாக இரண்டு மூன்று நிறங்களை மட்டும் வாங்கி, வெள்ளை பிரைமர் அடித்த இரண்டடிப் பலகைகளில் இரண்டு கோட் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். பலகையைத் தரையில் கிடத்திப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. சுவரில் விழும் வெளிச்சம் வேறு என்பதால், அதைச் சுவரோரமாக, அடிப்பகுதி கல்லைத் தொடும்படி நிமிர்த்தி நிறுத்த வேண்டும். காலையிலும் மாலையிலும் பார்த்தபின், இரவில் நீங்கள் வழக்கமாகப் போடும் விளக்கிலும் பாருங்கள். 2700 கெல்வின் விளக்கு மஞ்சளைக் கூட்டும், 6500 கெல்வின் விளக்கு நீலத்தைக் கூட்டும். பகலில் தேர்ந்த நிறம் இரவில் ஏமாற்றுவது இதனால்தான்.

ஸ்லேட்டின் மேற்பரப்பு சொரசொரப்பானது, பளபளப்பற்றது. சுவருக்கும் மேட் (பளபளப்பற்றது) அல்லது சாட்டின் (லேசான மினுமினுப்பு உள்ளது) பூச்சே இசையும். எல்லா டப்பாக்களிலும் ஒரே பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே அடித்த சாம்பல் சுவரைச் சுரண்ட வேண்டியதில்லை. பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே புதிய நிறத்தை அடிக்கலாம்.