பெய்ரோட்டேயோ: கேள்வி பதில்

கே: பெர்னாண்டோ பெய்ரோட்டேயோ யார்?

ப: 1918இல் அங்கோலாவில் பிறந்த போர்ச்சுகல் கால்பந்து முன்கள ஆட்டக்காரர். 1937 முதல் 1949 வரை லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணி. போர்ச்சுகல் லீக்கில் 197 ஆட்டங்கள், 332 கோல்கள்.

கே: 500க்கு மேல் என்று படித்தேனே?

ப: அது கோப்பை, லிஸ்பன் வட்டாரப் போட்டி எல்லாம் சேர்த்த கணக்கு. எந்த எண்ணைப் பார்த்தாலும் எந்தப் போட்டிக்கு உரியது என்று முதலில் பாருங்கள்.

கே: அவருடைய சிறந்த ஆட்டம்?

ப: 1948 ஏப்ரல், லிஸ்பனின் இன்னொரு பெரிய அணியான பென்ஃபிகாவின் மைதானம். அந்தப் பருவத்தின் முதல் சந்திப்பில் பென்ஃபிகா 3-1 என வென்றிருந்தது. இம்முறை ஸ்போர்ட்டிங் 4-1 என வென்றது. நான்கு கோல்களும் பெய்ரோட்டேயோ அடித்தவை. பருவ முடிவில் இரு அணிகளும் 41 புள்ளிகளில் சமன். நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 5-4. அந்த ஒற்றைக் கோலால் பட்டம் ஸ்போர்ட்டிங்குக்குப் போனது. அவர் நான்கில் ஒன்றைத் தவறவிட்டிருந்தால்கூடப் பட்டம் அந்தக் கணக்கில் தீர்ந்திருக்காது.

கே: அக்காலத் தடுப்பாட்டம் பலவீனம். லெசாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 9 கோல் அடித்ததெல்லாம் பெருமையா?

ப: லெசா பலவீனமான அணிதான், ஒப்புக்கொள்கிறேன். பென்ஃபிகா அப்படியல்ல. அதே தடுப்பாட்டத்தை எதிர்த்துத்தான் மற்ற முன்கள ஆட்டக்காரர்களும் ஆடினார்கள். ஆறு பருவங்களில் கோல் பட்டியலின் உச்சியில் இருந்தவர் இவர்.

கே: ‘ஐந்து வயலின்கள்’ என்ற ஸ்போர்ட்டிங் முன்வரிசை பந்து தந்தால் யாரும் அடிப்பார்களே?

ப: இதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. ஜெசுஸ் கொரெய்யா, வாஸ்கஸ், அல்பானோ, த்ரவாசோஸ் ஆகியோருடன் அவர் ஒன்றாக ஆடியது 1946 முதல் 1949 வரை, மூன்றே பருவங்கள். 1938, 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் அவர் உச்சியில் நின்றபோது அந்த நால்வரில் ஒருவர்கூட அணியில் இல்லை. அவர்களுக்குப் புகழ் சேரட்டும். அதற்காக இவருடைய உழைப்பைக் கழிக்காதீர்கள்.

கே: பின்னாளைய போர்ச்சுகல் நட்சத்திரம் யூசேபியோவைவிடப் பெரியவரா?

ப: காலம் வேறு; ஒப்பிட மாட்டேன். ஆனால் ஒரு தொடர்பு உண்டு. 1961 அக்டோபரில் லக்ஸம்பர்க்கில் யூசேபியோ நாட்டுக்காக முதன்முதலாகக் களமிறங்கியபோது பயிற்சியாளர் பெய்ரோட்டேயோதான். போர்ச்சுகல் 4-2 எனத் தோற்றது.

கே: யூசேபியோ, ரொனால்டோ, இவர், மூவரையும் வரிசைப்படுத்துங்கள்.

ப: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கே: 31 வயதிலேயே ஏன் விலகினார்?

ப: லிஸ்பனில் விளையாட்டுப் பொருள் கடை வைத்துக் கடன்பட்டிருந்தார். 1949இல் நடந்த வழியனுப்பு ஆட்டத்தின் வசூல் அந்தக் கடனை அடைக்கப் போனது.