மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கிலிருந்து தொடங்குங்கள்

பெரிதாகப் பணம் போடாமல் வீட்டு மின்சாரம், சமையல் எரிவாயு, வண்டிக்குப் பெட்ரோல் மூன்றையும் குறைக்க எளிய வழி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் நிறுத்துவதற்கு முன்னால், எது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பாருங்கள் என்பதுதான் என் பதில். நாங்கள் பல வருடம் அளக்காமலேயே சிக்கனம் செய்துகொண்டிருந்தோம். கூடத்தில் எல்.இ.டி. விளக்கு ஒன்று வீணாக எரிந்தால் பிள்ளைகளுக்குத் திட்டு விழும். அது வெறும் 9 வாட். ஒரு யூனிட் ஆக 111 மணி நேரம் எரிய வேண்டும்.

2023 கோடையில் ரீடிங் எடுக்க வந்தவர் எங்கள் மதுரை வீட்டு வெள்ளை அட்டையில் 540 யூனிட் என்று எழுதிவிட்டுப் போனார். அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தின்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வீதம். 501 ஆனதும் அந்த 2.25 போய், அதே யூனிட்டுகளுக்கு 4.50 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வரும் இடத்தில் 540 யூனிட்டுக்கு 2,270 ரூபாய். அந்தக் கடைசி 40 யூனிட் மட்டும் 545 ரூபாய்! விலை அதற்குப் பிறகு மாறியிருக்கிறது. ஆனால் 500ஐத் தாண்டாமல் நிற்பதுதான் பெரிய மிச்சம் என்று அன்றைக்குப் புரிந்தது.

இப்போது அளக்கும் விதத்தைச் சொல்கிறேன். மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு யூனிட் செலவானால் அந்த விளக்கு 3200 முறை மினுக்கும் என்று அர்த்தம். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 1125ஐ அந்த வினாடியால் வகுத்தால் வருவது வாட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை 1125க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, கைப்பேசிக் கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நின்றேன். உள்ளேயிருந்து மகள் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டாள். கூடத்துப் பழைய மின்விசிறிக்கு 15 வினாடிக்கு ஒரு மினுக்கல், அதாவது 75 வாட். இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் வினாடிக்கு ஒன்று என்று விளக்கு துடித்தது. ரிமோட்டால் மட்டும் அணைத்து வைத்திருந்த டி.வி.யும் செட் டாப் பாக்ஸும் சேர்ந்து 94 வினாடிக்கு ஒன்று. 12 வாட்தான், ஆனால் நாளுக்கு 20 மணி நேரம் இப்படிக் கிடந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும்.

இஸ்திரிப் பெட்டி வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிறது. மின்விசிறியோ நாளுக்கு 14 மணி நேரம். எங்கள் வீட்டில் நிஜமாகத் தின்றது அதுதான். பழைய பெட்டி ரெகுலேட்டர் என்றால் வேகத்தைக் குறைத்தாலும் பெரிய மிச்சம் இல்லை. குறைத்த மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்விடும். நான் செலவு செய்யச் சொல்வது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான்: அதிக நேரம் ஓடும் இரண்டு மின்விசிறிகளை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றுங்கள். நாங்கள் மாற்றிய பிறகு எண்ணியபோது 37 வினாடிக்கு ஒரு மினுக்கல், 30 வாட். இரண்டு விசிறிக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 75 யூனிட் குறைந்தது.

ஏ.சி. வைத்திருப்பவர்கள் 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது.

தண்ணீர் மோட்டாரையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் மாடித் தொட்டி இரவில் நிரம்பி, காலையில் பாதியாகிக் கிடந்தது. குழாய் எதுவும் சொட்டவில்லை. கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டுவிட்டு, யாரும் அழுத்தாமல் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தேன். கோப்பைக்குள் மஞ்சள் கோடு இறங்கியிருந்தது! அடியில் இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து, தண்ணீர் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்காக மோட்டார் தினமும் 20 நிமிடம் கூடுதலாக ஓடியிருக்கிறது. வாஷரை மாற்றியதோடு அது நின்றது.

சமையலில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார். அரிசியும் பருப்பும் அரை மணி நேரம் ஊறாமல் அவர் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டார். கொண்டைக்கடலை என்றால் முந்தின இரவே ஊறும். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது, ஆவிதான் கூடும். அதனால் கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டுவிடுவார். குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம். பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தாலோ, தீ மஞ்சளாக எரிந்தாலோ பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். ஊக்கால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். எங்களுக்கு 38 நாள் வந்த சிலிண்டர் இப்போது 45 நாளைத் தாண்டுகிறது.

இனி வண்டி. என் ஸ்கூட்டர் லிட்டருக்கு 38 கிலோமீட்டர்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்ரோலைத்தான் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தெருமுனை மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, "பாருங்கள் அக்கா" என்றார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் ஷூ டிரம்மை எப்போதும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டியதற்குச் சமம். பிரேக் நட்டை இரண்டு திருகு தளர்த்தியதும் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். டயரில் காற்றும் குறைந்திருந்தது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே காற்றுப் பிடித்துவிடுகிறேன். 46 கிலோமீட்டர் கிடைக்கிறது. வேகம் 40க்கும் 50க்கும் நடுவே. சிக்னலில் வினாடிக் கணக்கு 30க்கு மேல் இருந்தால் எஞ்சினை அணைத்துவிடுகிறேன்.

மதுரைக்குள்ளேயே திருநகரிலிருந்து சிம்மக்கல்லுக்குத் தனியாகப் போவதற்கு வண்டியே தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.