கைக்குட்டை இனி உதவாது

அன்புள்ள ஐயா,
அடுத்த மாதம் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் பேங்க்கிலிருந்து பேசுவதுபோல் போன் போட்டு அவரைக் கலாய்க்க வேண்டும். கைக்குட்டையால் பொத்திப் பேசிப் பார்த்தேன், 'என்னடா செந்திலு' என்றுவிட்டார். குரலை மாற்ற எந்த ஆப் நல்லது? நம்பரை மறைக்க முடியுமா?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

நம்பருக்கு ஏன் இவ்வளவு கவலை? அவர் போனில் பதியாத நண்பரின் போன் போதும்.

கைக்குட்டை லேண்ட்லைன் காலத்து வித்தை. அந்தக் கம்பியில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உள்ள ஒலிதான் போகும். 'ச', 'ஸ' ஒலிகளின் கூர்மை வழியிலேயே அறுந்துவிடும். மிச்சத்தைத் துணி மங்கவைக்கும். இன்று வோல்டிஇ (4ஜி வழியாகப் போகும்) அழைப்பில் 7000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. உங்கள் மூக்கடைப்புகூட அவருக்குக் கேட்கும். இன்னும் இறுக்கிப் பொத்தினால் போனின் இரைச்சல் வடிகட்டி சொற்களையே விழுங்கும், அவர் 'சிக்னல் இல்ல' என்று வைத்துவிடுவார்.

ஆப்பா? சாதாரண சிம் அழைப்பின் ஒலிக்குள் வெளி ஆப் எதுவும் கைவைக்க முடியாது. தன் சொந்த இணைய அழைப்பு வழியாகத்தான் மாற்றும், பேச்சும் தாமதமாகப் போகும். அதைவிட, ஆளைக் காட்டிக்கொடுப்பது சுருதி மட்டுமல்ல, நடை. 'ஹலோ'வை இழுக்கும் நீளம், 'வந்து...' என்று தயங்கும் இடம், மூச்சு வாங்கும் இடம். கட்டைக் குரலிலும் உங்கள் 'வந்து' உங்களுடையதுதான். வழக்கமான வேகத்தைப் பாதியாக்குங்கள். பதிலுக்கு முன் மனசுக்குள் இரண்டு எண்ணுங்கள். ஐந்தே வாக்கியம், எழுதிவைத்துப் படியுங்கள். சிரிப்பு முட்டினால் மியூட் போடாதீர்கள், பின்னணிச் சத்தம் சட்டென்று நின்றால் சந்தேகம் வரும், இருமுங்கள்.

ஆனால் பேங்க் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? 'ஓடிபி கேட்டால் போனை வை' என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே? பயந்தாரானால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் போகும். பயப்படாவிட்டால் இன்னும் மோசம்: நாளைக்கு நிஜத் திருடன் கூப்பிடும்போது 'நம்ம பயதான்' என்று சிரித்துக்கொண்டே பேசுவார். போலீஸ், ஆஸ்பத்திரி, விபத்து எதுவும் வேண்டாம்.

சமையல்காரராகப் பேசுங்கள். "சார், பாயசத்துல சர்க்கரையே போட வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. இலைக்கு ஒரு பாவக்கா வறுவல் சேத்துப் போட்டுடலாங்களா?" சித்தியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சித்தப்பா போனை வைத்த கையோடு நிஜச் சமையல்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ள சித்தி அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.