எந்த மரம்?

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 27. எங்கள் டிவிஷன் குலைகளில் பழுக்காத பச்சைக் குலை அதிகம் என்று ஆலையிலிருந்து போன மாதம் புகார் வந்தது. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு முன் எல்லோரும் கூடி நிற்கும்போது, வெட்டியவர்களைப் பெயர் சொல்லியே பேசிவிட்டேன். அதில் ஒருவருக்கு என் அப்பா வயது. லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பக்கத்து வீடு. சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். பத்து நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பைச் சொல்வது என் வேலைதானே?

அதே வாரம் வருட மதிப்பீட்டில் மேனேஜர், "உங்க அணுகுமுறை சரியில்லை, மாத்திக்கணும்" என்றார். இரண்டு நாள் தூக்கம் இல்லை. எனக்குச் சொல்லவும் தெரியவில்லை, கேட்டுக்கொள்ளவும் தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

தப்பைச் சொல்வது உங்கள் வேலைதான், அதில் சந்தேகமே வேண்டாம். சொன்ன இடம்தான் சரியில்லை.

என் அம்மா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அந்த ஊரை இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள். பள்ளி விடுமுறையில் பால் வடியும் மங்கு துடைக்க நானும் கூடப் போவேன். பட்டையின் உட்பக்கத்தில்தான் பால் அதிகம். கத்தி உள்ளே போகப் போகப் பால் கூடும். ஆனால் மரத்தைத் தொட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். தாண்டினால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருடம் கழித்து அதே பக்கத்தை மறுபடி வெட்ட வரும்போது கத்தி ஓடாது.

அம்மா மரத்தில் காயம் அதிகம் என்று ஒரு மண்டோர் (கங்காணி) பெரட்டில் சத்தம் போட்டார். "மரத்தைக் கொத்தி வச்சிருக்கே, கவனமே இல்லை." அவ்வளவுதான் சொன்னார். எந்த மரம், வெட்டில் எந்த இடம் என்று ஒன்றும் இல்லை. அம்மா பயந்துபோய் ஒரு வாரம் மேலோட்டமாகவே வெட்டினார். பால் குறைந்தது. அதற்கும் திட்டு விழுந்தது.

அப்புறம் வந்த மண்டோர் வயதானவர். பெரட்டில் எதுவும் பேசவில்லை. மரத்தடிக்கு வந்து குந்தி, வெட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓட்டினார். "இங்க பாரும்மா, நடுவுல நல்லாத்தான் வருது. முடிக்கிற இடத்துல மணிக்கட்டைத் திருப்புற, அங்கதான் கத்தி இறங்குது." கத்தியை வாங்கி அடுத்த மரத்தை அவரே வெட்டிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்று மரம் அம்மா வெட்டுவதை நின்று பார்த்தார். பிறகு போய்விட்டார்.

"நடுவுல நல்லாத்தான் வருது" என்றாரே, அதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று இப்போது பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாய் நிறையப் புகழ ஆரம்பித்தாலே அடுத்து என்ன வரும் என்று நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெரியவர் ஆறுதலுக்காக அதைச் சொல்லவில்லை. எதை மாற்ற வேண்டாம் என்று சொன்னார். அது தெரிந்ததால்தான் அம்மாவால் மற்றதை மட்டும் மாற்ற முடிந்தது.

இப்போது உங்கள் மேனேஜர். "அணுகுமுறை சரியில்லை" என்பதும் அந்தப் பெரட்டுச் சத்தம் போலத்தான். அதை வைத்துக்கொண்டு இரவெல்லாம் புரண்டாலும் எதைத் திருத்துவது என்று தெரியாது. போய்க் கேளுங்கள்: "எந்த நாள், யாரிடம், நான் என்ன சொன்னேன்?" சண்டைக்குப் போகும் குரலில் வேண்டாம். சொல்வதை எழுதிக்கொண்டு, "யோசித்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்து வாருங்கள். அங்கேயே நியாயம் பேச ஆரம்பித்தால் காது அடைத்துவிடும். ஒருவேளை அந்தப் பெரட்டைத்தான் அவர் மனதில் வைத்திருந்தாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் இரண்டு விஷயத்தையும் கலக்காதீர்கள். "மாமா, பெரட்டுல உங்க பேரைச் சொன்னது என் தப்பு" என்று முதலில் சொல்லி முடித்துவிடுங்கள். பச்சைக் குலைப் பேச்சு வேறு நாள், அவர் வெட்டும் வரிசையில் இருக்கட்டும். வெட்டிப் போட்ட குலையைப் புரட்டி இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். பழம் உதிர்ந்த குழி குறைந்தது பத்து இருந்தால்தான் பழுத்த குலை என்று மலேசிய செம்பனை வாரியத்தின் தரக்கணக்கு. எண்ணக்கூடிய ஒன்று கண்முன் இருந்தால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் பச்சையை வெட்டினார் என்பதையும் அங்கேயே கேளுங்கள். எடைக்குத்தான் கூலி என்றால் பச்சைக் குலையும் எடை நிற்கும். அல்லது மரம் வளர்ந்து உயர்ந்துவிட்டது, அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அப்புறம் இன்னொன்று. உயர்ந்த மரத்தில் குலை பழுத்ததை வெட்டுகிறவர் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். மரத்தைச் சுற்றி வட்டத்தில் புல் மண்டிக் கிடந்தால் எப்படித் தெரியும்? அந்த வட்டத்தைச் சுத்தம் செய்ய ஆள் போடுவது மேற்பார்வையாளரின் பொறுப்பு. மாமா அதைச் சொன்னால் பதில் பேசாமல், அவர் பார்க்க அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரமே ஆளை அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.