நீச்சல் குளத்தின் இரண்டு வேக பம்பைக் குறைந்த வேகத்திலேயே வைத்து, குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் சோலார் பேனல்களை ஓட்டலாமா? ஓட்டம் பாதியானால் சூடும் பாதியாகிவிடுமா?

சூடு பாதியாகாது. ஆனால் குறைந்த வேகத்தில் ஓடுமா என்பது உங்கள் கூரையின் உயரத்தைப் பொறுத்தது. பேனல்கள் கூரைமேல் இருந்தால் பெரும்பாலும் ஓடாது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். கண்ணாடி மூடாத பிளாஸ்டிக் பேனல்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஓடினால் போதும். 30 சதுர மீட்டர் பேனல் என்றால் நிமிடத்துக்கு 120 லிட்டர், மணிக்கு 7 கன மீட்டர் சொச்சம். நல்ல வெயிலில் அந்தப் பேனல் 18 கிலோவாட் சூடு கொடுத்தால், தண்ணீர் இரண்டு டிகிரி ஏறித் திரும்பும். திரும்பி வரும் தண்ணீர் கையைச் சுட்டால்தான் பேனல் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. பேனல் அதிகம் சூடானால் அந்தச் சூடு காற்றில் போகிறது. வெதுவெதுப்பாக நிறையத் தண்ணீர் வருவதே நல்லது.

ஓட்டம் பாதியானால் தண்ணீர் இரண்டுக்குப் பதில் ஏறக்குறைய நாலு டிகிரி ஏறும்; காற்றில் போகும் சூடு கொஞ்சம்தான் கூடும். ஆகவே ஓட்டத்தில் பெரிய பிரச்சினை இல்லை, உயரத்தில்தான் இருக்கிறது. பம்பின் வேகம் பாதியானால் ஓட்டம் பாதியாகும், ஆனால் தண்ணீரை மேலே தள்ளும் உயரம் கால் பங்காகிவிடும். அதிக வேகத்தில் 16 மீட்டர் வரை தள்ளும் பம்பு, குறைந்த வேகத்தில் 4 மீட்டரோடு நின்றுவிடும். கூரை 5 மீட்டரில் இருந்தால் தண்ணீர் உச்சியைத் தொடவே தொடாது.

"அதிக வேகத்தில் நிரப்பிவிட்டு, பிறகு வேகத்தைக் குறைத்தால்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால், இறங்கும் தண்ணீரின் எடை ஏறும் தண்ணீரைச் சமன் செய்துவிடும். அதன்பின் பம்புக்குக் குழாய் உராய்வைச் சமாளிப்பது மட்டுமே வேலை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் வேகத்தைக் குறைத்ததும் குளத்துக்குள் தண்ணீர் திரும்பும் வாயிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. உறிஞ்சும் பக்கம் எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்து பம்பு மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினேன், இணைப்புகளையெல்லாம் மறுபடி இறுக்கினேன். ஒரு மதியம் அதிக வேகத்துக்கு மாற்றியதும் சில நிமிடங்களில் குமிழிகள் நின்றுபோயின. அப்போதுதான் புரிந்தது, காற்று வருவது கூரை உச்சியில் இருக்கும் வேக்குவம் ரிலீஃப் வால்வு வழியாக. அந்த இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தால் அது திறந்துகொள்ளும். அதுதான் அதன் வேலை.

தயவுசெய்து அந்த வால்வை அடைத்துவிடாதீர்கள். பம்பு நின்றதும் பேனலில் இருக்கும் தண்ணீர் வடிவது அது காற்றை உள்ளே விடுவதால்தான். அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மெல்லிய குழாய்கள் ஒடுங்கலாம்; உறைபனி விழும் இடத்தில் தங்கிய தண்ணீர் அவற்றை வெடிக்கவே வைக்கும். வால்வைத் தண்ணீர் ஏறும் குழாயில் சற்றுக் கீழே மாற்றி வைப்பவர்கள் உண்டு. உங்கள் பேனலுக்கு அது ஒத்துவருமா என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் எப்படி என்று அறிய ஃபில்டர் மேலுள்ள பிரஷர் கேஜே போதும். கேஜிலிருந்து வால்வு எத்தனை மீட்டர் உயரம் என்று அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் என்றால் 0.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). குறைந்த வேகத்தில், சோலார் வழி திறந்திருக்கும்போது, கேஜ் அதைவிடக் கொஞ்சம் தாராளமாகக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வால்வு காற்றை இழுக்கும்.

என் வீட்டில் காட்டவில்லை. அதனால் சோலார் ஓடும் நேரம் மட்டும் அதிக வேகம், மற்ற நேரமெல்லாம் குறைந்த வேகம் என்று வைத்துவிட்டேன். கூரையில் ஒரு சென்சார், பேனலுக்குப் போகுமுன் குளத்துத் தண்ணீர் வரும் குழாயில் ஒரு சென்சார். கூரை சில டிகிரி கூடுதலாகச் சூடானதும் கன்ட்ரோலர், தண்ணீரைப் பேனலுக்கு அனுப்பும் மூவழி வால்வைத் திருப்பி, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் பம்பையும் வேகமாக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: இரண்டு வேகத்துக்குமான வயர்களில் ஒரே நேரத்தில் மின்சாரம் போனால் மோட்டார் எரிந்துவிடும். ஒன்றை விட்டால்தான் மற்றொன்றைத் தொடும் சேஞ்ச்ஓவர் ரிலேயாகப் பார்த்து, எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். ஃபில்டருக்கும் மூவழி வால்வுக்கும் நடுவே, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வும் வேண்டும். இல்லாவிட்டால் கூரையிலிருந்து வடியும் தண்ணீர் ஃபில்டருக்குள் பின்னோக்கிப் பாய்ந்து அழுக்கைக் கிளப்பும்.

அதிக வேகத்தில் மின்சாரம் வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். ஒன்றரை கிலோவாட் செலவழித்துப் பதினெட்டு கிலோவாட் சூடு வாங்குகிறீர்கள். குறைந்த வேகத்தில் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்காக வேண்டும். அந்த வேகத்தில் மோட்டாரின் செயல்திறன் குறைவு என்பதால் நடைமுறையில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று நிற்கும். அந்த மிச்சம் சோலார் ஓடாத மணிகளில் முழுதாகக் கிடைக்கும். கோடையில் குளம் தானே சூடாக இருக்கும்போது கன்ட்ரோலரில் சோலாரை அணைத்துவிட்டால், நாள் முழுக்கக் குறைந்த வேகத்திலேயே ஓடும்.